கரடி வந்த நாளில் தரவு இல்லை

நி-ஓலெசுனில் கட்டடக் கதவுகளைப் பூட்டுவதில்லை. திருட வருகிறவன் இத்தனை தூரம் வரமாட்டான் என்பது ஒரு பக்கம். ஊருக்குள் பனிக்கரடி நுழைந்துவிட்டால் தெருவில் இருப்பவர் கைக்கு எட்டிய கதவைத் திறந்து உள்ளே ஓடிவிட வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், ஏறக்குறைய 79 பாகை வட அட்சரேகையில் இருக்கும் குட்டி ஊர் அது. 2008 முதல் இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் அங்கே இயங்குகிறது. குளிர்காலத்தில் ஊரின் மொத்த மக்கள்தொகையே முப்பது நாற்பதுதான்; கோடையில் நூறைத் தொடும். காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளக்கத்தான் நான் போயிருந்தேன்.

ஒரு காலத்தில் அது நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-ல் நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பின் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அவர்கள் குளித்த கட்டடம்தான் இப்போது வளிமண்டல ஆய்வகம். வைஃபை, ப்ளூடூத் இரண்டுக்கும் ஊரில் தடை. குவேசார் எனும், மிகப் பிரகாசமான தொலைதூர விண்மீன்மண்டல மையங்களின் ரேடியோ அலைகளைக் கேட்டு பூமியின் சுழற்சியை அளக்கும் ஆன்டெனா பக்கத்திலேயே இருக்கிறது. நம் கைபேசி கத்தினால் அதன் காது அடைத்துப்போகும். எல்லோரும் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில்தான் சாப்பிட வேண்டும். குனிந்து பார்க்கத் திரை இல்லாததால் பேச்சு தானாக நடக்கும்.

நுண்துகள்களைப் பிடிக்கும் வடிதாளை மாற்ற ஆய்வகத்துக்கு நடந்து போவது சாதாரண வேலைதான், ஜூன் மாதம் பிறக்கும்வரை. அதன்பின் அந்தப் பாதை ஆலா என்ற கடற்பறவைகளுக்குச் சொந்தம். சரளைக்கல்லில் சின்னக் குழி பறித்து முட்டையிடும். பழுப்பும் கரும்புள்ளியுமாக இருப்பதால் கல் எது, முட்டை எது என்று குனிந்து பார்த்தாலும் பிடிபடாது. பார்க்கக் குனிந்தால் தலையில் கொத்து விழும். சிவந்த கூர்மூக்கு, ரத்தம் வரும். உடம்பில் எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் குறிவைக்கும் என்பதால் ஒரு குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்போம். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் வரிசையாகக் குச்சியுடன் போகும் காட்சியை அவரவர் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஆனால் யாரும் கூட்டை அப்புறப்படுத்த மாட்டார்கள். பாதையோரம் கூடு இருந்தால் நாம்தான் சுற்றிப் போக வேண்டும். இலையுதிர் காலத்தில் அண்டார்டிகாவரை பறக்கப்போகிற பறவை; நாம் நாலடி சுற்றினால் என்ன கெட்டுப்போகிறது?

ஊர் எல்லையைத் தாண்ட துப்பாக்கி வேண்டும். அதற்குப் பயிற்சி உண்டு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுடுவதற்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம்தான். கிளம்பும் முன் பைனாகுலரில் நிலத்தைத் துழாவுவது, எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவது, கரடி தெரிந்தால் சத்தமில்லாமல் பின்வாங்குவது, ஒளிக்குண்டு வெடித்து விரட்டுவது, இவைதான் பெரும்பாடம். குழலுக்குள் தோட்டா ஏற்றாமல்தான் துப்பாக்கியைச் சுமக்க வேண்டும். 1973 முதல் பனிக்கரடி அங்கே பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஒன்றைச் சுட்டுக் கொன்றால் ஆளுநர் அலுவலகம் விசாரிக்கும், தற்காப்புக்குத்தான் சுட்டோம் என்றாலும். 2025 முதல் 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

கரடி அருகில் இருந்தால் வேலை ரத்து. பதிவேட்டில் அன்றைய கட்டத்தில் எண் இருக்காது, ‘கரடி’ என்று காரணம் மட்டும் இருக்கும். கட்டுரையை மதிப்பிடுகிறவர்கள் தொடர்ச்சி ஏன் விட்டுப்போனது என்று கேட்பார்கள்; நாங்களும் அதையே பதிலாக எழுதுவோம். என்னைப் பொறுத்தவரை அதைவிட நியாயமான காரணம் கிடையாது.

இந்த இடைவெளிகளுக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. ஊருக்கு முன்னால் இருக்கும் கோங்ஸ்ஃப்யோர்ட் என்ற குறுகிய கடற்கழி முன்பெல்லாம் குளிர்காலத்தில் நன்றாக உறையும். 2006-க்குப் பிறகு அது அரிதாகிவிட்டது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே வருகிறது. அதைக் கண்காணிக்க 2014-ல் இந்தியா அந்த நீரடியில் ‘இண்ட்ஆர்க்’ என்ற கருவித்தொடரை நிறுவியது. கடற்பனி இல்லையென்றால் கரடிக்குச் சீல் கிடைப்பது கஷ்டம். கோடையில் அது தீவுத்திட்டுகளுக்கு நீந்திப்போய் வாத்துக் கூடுகளை வரிசையாகக் காலிசெய்கிறது. 1940-களில் சுமார் 300 என்ற அளவுக்குச் சுருங்கி, வேட்டைத் தடையால் மீண்ட பார்னகிள் வாத்துகளின் முட்டைகளும் அதில் அடக்கம். கரடியை விரட்டி முட்டையைக் காப்பாற்றலாமே என்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் வாக்குவாதம் எழுந்தது. கூடாது. இரண்டுமே அந்த மண்ணின் உயிர்கள். பஞ்சாயத்து பண்ண நாம் யார்? அடைகாக்கும் காலத்தில் மனிதர்கள் அந்தத் திட்டுகளில் கால்வைக்கத் தடை இருக்கிறது, அதோடு நம் அதிகாரம் முடிகிறது. பனியை உருக்கியதில் நம் பங்கு என்ன என்பது வேறு வழக்கு. அங்கே போய்ச்சேர நான் ஏறிய விமானங்களும் அந்த வழக்கில் சாட்சிதான்.

என் கருவியால் நேரடியாகச் சொல்ல முடிந்த ஒரு விஷயம் உண்டு: சுற்றுலாக் கப்பல். பெரிய கப்பல் வந்து நின்றால், காற்று நம் பக்கம் வீசும்போது புகைக்கரி அளவு திரையில் சட்டென்று எகிறும். ஜன்னல் வழியே கப்பலைப் பார்க்கும் முன்பே வரைகோட்டில் பார்த்துவிடலாம். பனிமேல் படியும் கரி வெயிலை உறிஞ்சி உருகலைத் துரிதப்படுத்தும். இந்தக் கப்பல்கள் முன்பு எரித்த கனரக எண்ணெய் கசிந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அந்தக் குளிரில் அது லேசில் சிதையாது, பறவை இறகில் ஒட்டினால் பறவை பிழைக்காது. 2022 தொடக்கம் முதல் ஸ்வால்பார்டின் எல்லைக் கடல் முழுவதும் கனரக எண்ணெய்க்கு நார்வே தடை போட்டிருக்கிறது. தடைக்கு முந்தைய கோடைகளையும் பிந்தைய கோடைகளையும் ஒப்பிடும் வேலைதான் இப்போது என் மேசையில் இருக்கிறது. கரடிக்காக விட்ட நாட்களைக் கழித்துவிட்டுத்தான் சராசரி போட வேண்டும்.