தோள்குழியை அளந்த எட்டு மாதங்கள்

முதுநிலை உடற்கூறியலில் என் ஆய்வேட்டுக்குக் கிடைத்த தலைப்பு, உலர்ந்த தோள்பட்டை எலும்புகளில் கிளெனாய்டு குழியின் அளவுகள். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை வந்து உட்காரும், ஆழமில்லாத சின்னக் குழி அது. துறையில் இருந்த எலும்புகளை அளந்து, பிற மக்களிடம் எடுத்த அளவுகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைத்தேன், எட்டு மாதம் ஆனது. இதே வேலையைக் கையில் எடுப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

உயரத்தை அளப்பது எளிது. மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு வெர்னியரை வைத்தால் போதும். அகலம்தான் என்னை அழ வைத்தது. குழி பேரிக்காய் வடிவம், மேலே குறுகல், கீழே அகலம். முன்விளிம்பில் ஒரு வெட்டுப்பள்ளம் வேறு. சில எலும்பில் அது விரல் நகம் பதிகிற அளவுக்கு இருக்கும், சிலவற்றில் தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஒரே எலும்பு காலையில் 24.1 மில்லிமீட்டர், மாலையில் 25.6. கருவி கெட்டுவிட்டது என்று வழிகாட்டி மேடத்திடம் போய் நின்றேன். "வெர்னியர் வாயை எங்கம்மா வச்ச? எனக்குக் காட்டு" என்றார். காலையில் பள்ளத்தை ஒட்டியும், மாலையில் அதற்குக் கீழேயும் வைத்திருந்தேன்.

இயானொட்டி குழுவினர் 1992-இல் 140 தோள்களை அளந்து வெளியிட்ட கட்டுரையை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். சராசரி உயரம் 39 மில்லிமீட்டர். அகலத்துக்கு இரண்டு எண்கள்: கீழ்ப்பாதியில் 29, மேல்பாதியில் 23. ஒரே குழிதான், அளக்கும் இடம் மாறினால் 6 மில்லிமீட்டர் மாறிவிடுகிறது. இரு வேறு மக்களின் அகலத்தை ஒப்பிடும் அட்டவணையில் எங்கே அளந்தார்கள் என்ற குறிப்பு இல்லையென்றால், அந்த வித்தியாசம் எலும்பிலா, அளந்த கையிலா என்று எப்படிச் சொல்வது?

சரி, எடுத்த அளவுகளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கீழ்ப்பாதியில் அதிக அகலமான இடம், உயரக் கோட்டுக்குச் செங்குத்தாக. ஒவ்வொரு எலும்பையும் மூன்று வெவ்வேறு நாட்களில், முந்தைய தாளைப் பார்க்காமல் அளந்தேன். சலிப்பான வேலைதான். ஆனால் மூன்றாம் நாள் எண் முதல் நாள் எண்ணோடு அரை மில்லிமீட்டருக்குள் வந்தபோது கிடைத்த நிம்மதி பெரிது.

அப்புறம் ஒப்பீடு. எங்கள் சராசரி அந்த 39, 29 இரண்டையும்விடக் குறைவாக வந்தது. "எங்கள் மக்களின் குழி சிறியது" என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் ஓரத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: இதில் எத்தனை பெண்கள்?

பதில் என்னிடம் இல்லை. கற்பிக்க வைத்திருந்த எலும்புகளில் ஆண், பெண், வயது எதுவும் குறித்திருக்கவில்லை. அமெரிக்காவின் க்ளீவ்லண்டில் உள்ள ஹேமன்-டாட் எலும்புச் சேகரிப்பில் இந்த விவரமெல்லாம் பதிவாகியிருக்கிறது. சர்ச்சில் குழுவினர் அங்கிருந்த 344 தோள்பட்டை எலும்புகளை அளந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களின் சராசரி உயரம் 37.5, பெண்களுடையது 32.6. ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்! என் பெட்டியில் பெண்களின் எலும்பு கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தாலே என் முடிவு தானாக வந்துவிடும். கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே குழி பின்னோக்கித் திரும்பியிருக்கும் கோணத்தில் வித்தியாசம் கண்டதும் அதே ஆய்வுதான். அது சுமார் இரண்டரை டிகிரி. ஒரே குழுவுக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு அதைவிடப் பல மடங்கு. "எங்கள் மக்களின் குழி சிறியது" என்ற வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

இன்னொரு எலும்பையும் மறக்க முடியாது. தோளின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் அக்ரோமியன் அதில் குட்டையாக முடிந்திருந்தது. உடைந்தது என்று ஒதுக்கிவைத்தேன். மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உடைந்த எலும்பின் கூர்மை இல்லை, நுண்துளைகளோடு சொரசொரப்பான முகம். இருபதுகளின் நடுவுக்குள் ஒட்டியிருக்க வேண்டிய நுனித்துண்டு ஒட்டாமலே நின்று, எலும்பைச் சுத்தம் செய்தபோது தனியே போயிருக்கிறது. இதற்கு ஆஸ் அக்ரோமியேல் என்று பெயர். அமெரிக்கச் சேகரிப்புகளில் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் இது அதிகம் என்று பதிவாகியிருக்கிறது. 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் எலும்புக்கூடுகளிலும் வழக்கத்துக்கு மேல் இருந்தது. அந்தக் கப்பலில் வில்வீரர்களும் இருந்தார்கள்; அவர்கள் சிறுவயதிலிருந்தே கனமான வில்லை இழுத்துப் பழகியதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பரம்பரையும் உழைப்பும் ஒரே எலும்பில் கலந்து கிடக்கும்போது, வெறும் சதவீதத்தை வைத்து எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்? தலைகீழ் தோள்மூட்டு மாற்று சிகிச்சையில் பந்து குழிப் பக்கத்துக்கும், கிண்ணம் கை எலும்புக்கும் இடம் மாறும். அந்தப் பந்தைத் தாங்கும் ஒரு வட்டத் தகட்டை இந்தக் குழியில்தான் திருகிப் பொருத்துகிறார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் கிராமாண்ட் உருவாக்கிய ஆரம்பகாலத் தகட்டின் விட்டம் 29 மில்லிமீட்டர். 24 அகலமுள்ள குழியில் அதை வைத்துப் பாருங்கள், இரு பக்கமும் வெளியே தள்ளி நிற்கும். இப்போது 25 மில்லிமீட்டர் தகடுகளும் இருக்கின்றன. உடல் சிறுத்த ஒரு பாட்டிக்கு அந்த 4 மில்லிமீட்டர்தான் முக்கியம்.

ஒப்பீட்டு அட்டவணையில் மூன்று பத்திகளைக் கூடுதலாகச் சேர்த்துத்தான் ஆய்வேட்டைக் கொடுத்தேன்: எங்கே அளந்தது, ஆண் பெண் தெரியுமா, உலர்ந்த எலும்பா, குருத்தெலும்போடா, ஸ்கேனா. பாதிக் கட்டங்களில் "குறிப்பிடப்படவில்லை" என்றே எழுத வேண்டியிருந்தது. தேர்வாளர் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்தக் கட்டங்களைப் பற்றித்தான்.