செம்புவத்த குளத்தடியில்

விடிய நாலு மணிக்குத் திருகோணமலையில் வெளிக்கிட்டு, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை தாண்டி, செம்புவத்த குளம் பார்க்க எல்கடுவ என்ற மலையூருக்கு ஏறினோம். கடைசித் துண்டு சரியான ஒடுக்கமான பாதை, அம்மா எங்கள் ஊர்ச் சிவன் கோணேசரைக் கூப்பிட்டபடியே வந்தார். பிறகு குளம்! ஊற்றுத் தண்ணீரைத் தேக்கி மனிதர் கட்டியதுதான், ஆனால் தேயிலைக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே அந்தப் பச்சையைப் பார்க்கவேண்டும். நிலாவெளிக் கடலோடு வளர்ந்த எனக்கு அலைச் சத்தமே இல்லாத தண்ணீர் புதுசு. கையை விட்டால் விரல் விறைக்கிறது. பனிமூட்டம் இறங்கி அக்கரையை அப்படியே மூடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தது. தம்பியின் காலில் அட்டை, உப்புப் பட்டதும் சுருண்டு விழுந்தது. போகிறவர்கள் உப்பும் ஸ்வெட்டரும் கொண்டுபோங்கள். அப்புறம், பிளாஸ்டிக் போத்தலைத் தயவுசெய்து திருப்பிக் கொண்டுவாருங்கள். கரையில் கிடந்த நாலைந்தை நாங்கள்தான் பொறுக்கி எங்கள் வான் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தோம்.