தேம்ஸ் கரைக் கொட்டகைகள்: படமும் மண்ணும்

பிப்ரவரி 4

1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் ஷோர்டிச்சில் ‘தி தியேட்டர்’ என்ற நாடகக் கொட்டகையைக் கட்டினார். 1642இல் பாராளுமன்றம் நாடகத்துக்குத் தடை போட்டது. இந்த இடைக்காலத்தில் லண்டனில் எழுந்த திறந்தவெளிக் கொட்டகைகளில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. மிஞ்சிய படங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனாலேயே எல்லாரும் அவற்றை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

ஒரு படத்தைக் கையில் எடுத்ததும் மூன்று தேதிகளைத் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும்: கட்டடம் நின்ற காலம், நேரில் பார்த்து வரைந்த காலம், தகட்டில் செதுக்கி அச்சிட்ட காலம். அச்சில் இருப்பது கடைசித் தேதி மட்டும்தான்.

பிப்ரவரி 5

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு டச்சு செதுக்கோவியர் விஸ்ஷர் லண்டனை அகலவாக்கில் காட்டிய நெடும்படம். ஆம்ஸ்டர்டாமில் 1616இல் அச்சானது, இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். இதில் உள்ள எண்கோண குளோப்தான் (ஷேக்ஸ்பியர் குழுவின் கொட்டகை) பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. ஆனால் முதல் குளோப் 1613 ஜூன் 29 அன்றே எரிந்துபோனது. மேடைக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி வைக்கோல் கூரையில் பிடித்துக்கொண்டது. 1614இல் எழுந்த இரண்டாவதுக்கு ஓட்டுக் கூரை. விஸ்ஷர் லண்டனுக்கு வந்ததற்கே சான்றில்லை, பழைய படங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார். 1638இல் இன்னொரு செதுக்கோவியர் மெரியன் வெளியிட்ட படம் விஸ்ஷரைப் பின்பற்றியது. ஆகவே இரண்டும் ஒரே வடிவத்தைக் காட்டுகின்றன என்பதை இரண்டு சாட்சி என்று எண்ணக் கூடாது.

பிப்ரவரி 9

செதுக்கோவியர் ஹாலரின் கதை வேறு. அவர் தேம்ஸின் தென்கரையிலுள்ள இன்றைய சதக் (Southwark) கதீட்ரலின் கோபுரத்தில் ஏறி, கண்ணால் பார்த்துப் பென்சிலில் வரைந்தார், பிறகு அதன்மேல் மை ஓட்டினார். அந்தக் கோட்டோவியம் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. அதை வைத்துச் செதுக்கிய நெடும்படம் 1647இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியானது.

அதில் குளோப் என்றும் கரடிச் சண்டைக் கூடம் என்றும் எழுதிய பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன. கோட்டோவியத்தில் அந்தக் கட்டடங்களுக்குப் பெயரே கிடையாது, அச்சில்தான் பெயர் ஏறியது. நிலப் பத்திரங்களின்படி குளோப் மெய்டன் லேனுக்கு (இன்றைய பார்க் தெரு) தெற்கே, ஆற்றிலிருந்து தள்ளி இருந்தது. படத்தில் தள்ளியிருப்பது, மேடைக்கு மேல் இரட்டை முக்கோணக் கூரை உள்ள கட்டடம். ‘கரடி’ என்ற பெயர் அதன் தலையில் விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 10

அளவு எடுக்கும் முறை: கோபுரத்திலிருந்து அடையாளம் தெரிந்த இரண்டு இடங்களுக்கு வரைபடத்தில் கோடு போட்டு, இடையிலுள்ள கோணத்தை அளக்கவும். அதே இரண்டு இடங்களுக்கும் கோட்டோவியத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கு எவ்வளவு கோணம் என்பது கிடைக்கும். பிறகு குளோப்பின் அகலத்தைக் கோணமாக்கி, கோபுரத்திலிருந்து அதன் தூரத்தைக் கொண்டு அடியாக மாற்றலாம்.

பிசகும் இடங்கள் இரண்டு. மைக்கோடு சில இடங்களில் பென்சில் கோட்டை விட்டு விலகுகிறது, எதை அளக்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அடுத்தது இறவாரம்: அது சுவருக்கு வெளியே நீண்டிருக்கும், அதையும் சேர்த்தால் கட்டடம் பெருத்துவிடும்.

நாடக வரலாற்றாய்வாளர் ஜான் ஓரெல் இந்த வழியில் சுமார் 100 அடி விட்டம் என்று கணக்கிட்டார். 1997இல் திறந்த புதிய குளோப் அந்த அளவில்தான் நிற்கிறது. 1989இல் பார்க் தெருவில் அகழ்ந்தபோது கிடைத்தது அஸ்திவாரத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதை வைத்து ஆய்வாளர் சிலர் சொல்வது சுமார் 85 அடி. மிச்சத்தில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட பழைய வீட்டு வரிசைக்கு அடியில் கிடக்கிறது. என் சாய்வு சின்ன அளவின் பக்கம்.

பிப்ரவரி 16

இந்தக் கொட்டகைகளின் உட்புறத்தைக் காட்டும் சமகாலப் படம் ஒன்றே ஒன்று: ஸ்வான் கொட்டகையின் படம். 1596 வாக்கில் லண்டன் வந்த யோஹானஸ் டி விட் வரைந்தது தொலைந்துவிட்டது. அவருடைய நண்பர் ஆரெண்ட் வான் புகெல் எடுத்துவைத்த நகல்தான் 1888இல் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தது. அந்தக் கட்டடத்தை வான் புகெல் பார்த்ததில்லை என்பதை மறக்கக் கூடாது. மேடை, இரண்டு தூண், பின்சுவரில் இரண்டு கதவு, அதற்கு மேல் மாடத்தில் சிலர். பார்வையாளர் நிற்கும் முற்றத்தில் ஓர் ஆள்கூட இல்லை!

3,000 பேர் கொள்ளும் என்றும், சக்கிமுக்கிக் கல்லால் கட்டியது என்றும் டி விட் எழுதுகிறார். மரத்தூணுக்குப் பளிங்குபோல வண்ணம் பூசியதை அவரே சொல்கிறார், ஆகவே பூச்சு வேலையைக் கல் என்று எண்ணியிருக்க வாய்ப்புண்டு. படத்தில் பார்வையாளர் மாடத்துக்கு ஏறும் படிகள் முற்றத்துக்குள் இருக்கின்றன. 1613இல் ஹோப் கொட்டகைக்கு எழுதிய ஒப்பந்தமோ ஸ்வானைப் போலவே கட்டச் சொல்லி, வெளிப்புறம் ஒட்டிய இரண்டு படிக்கட்டுகளைக் கேட்கிறது.

பிப்ரவரி 23

உட்ரெக்டில் இன்னொரு படமும் உண்டு, லண்டனை வடக்கிலிருந்து பார்ப்பது. அதில் கொடி பறக்கும் பலகோணக் கொட்டகையைப் பலரும் ஷோர்டிச்சில் இருந்த கர்டன் கொட்டகை என்றே சொல்லிவந்தார்கள். 2016இல் கர்டனை அகழ்ந்தபோது அது செவ்வகம் என்று தெரிந்தது: ஏறக்குறைய 30க்கு 22 மீட்டர். அப்படியானால் படத்தில் இருப்பது ‘தி தியேட்டர்’ ஆகத்தான் இருக்க வேண்டும். அதை 1598 டிசம்பரில் பிரித்து, மரங்களைக் குளோப்புக்குக் கொண்டுபோனார்கள். ஆக, படத்தின் மூல வரைவு அதற்கு முந்தையது.

பிப்ரவரி 25

ரோஸ் கொட்டகை (1587). வரைபடக்காரர் நார்டனின் 1600 அச்சில், நெடும்படத்தில் கொட்டகைகள் பலகோணம், ஓரத்திலுள்ள சிறு வரைபடத்தில் அதே கொட்டகைகள் வட்டம். ஒரே தாளில் இரண்டு விதம்! 1989இல் மண் காட்டியது 14 பக்கம், சுமார் 72 அடி. இத்தனை பக்கம் இருந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வட்டமாகவே தெரியும். எஞ்சிய மரம் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் இடத்தை மணல் மூடி, தண்ணீர் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 2

ஃபார்ச்சூன் கொட்டகைக்கு நம்பத்தக்க படம் இல்லை, ஆனால் ஒப்பந்தம் இருக்கிறது. அதில் தேதி 1599 ஜனவரி 8. அன்றைய ஆங்கில ஆண்டு மார்ச் 25இல் பிறந்ததால் நம் கணக்கில் அது 1600. வெளிப்பக்கம் 80 அடிச் சதுரம், உள்ளே 55. மீதி 25ஐ இரு பக்கத்துக்கும் பங்கிட்டால் மாடத்தின் ஆழம் பன்னிரண்டரை அடி, ஒப்பந்தமும் அதையே சொல்கிறது. மாட உயரங்கள் 12, 11, 9 அடி. மேலிரண்டும் 10 அங்குலம் முன்தள்ளி நிற்கும். மேடை அகலம் 43, முற்றத்தின் நடுவரை நீளும், அதாவது இருபத்தேழரை அடி. தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட்டுக்குப் பேசிய மொத்தத் தொகை 440 பவுண்டு. எழுதாத இடங்களில் ‘குளோப்பைப் போல’ என்று விட்டிருக்கிறார்கள். மேடை எந்த இடத்தில் எப்படி அமையும் என்பதற்கு ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், அந்தத் தாள் கிடைக்கவில்லை.