அமரர் பட்டம் பெற்ற கதை

நம் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது 'அமரர்' என்ற சொல்தான். யாரோ என்னைத்தான் வம்புக்கு இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த சொல்லையும் படித்த பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூகோள சார் போய்விட்டார்.

எனக்கு அந்தப் பட்டம் எப்படி வந்தது என்பது நம் செட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்னால் வந்தவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

சார் நடத்திய தீ ஒத்திகையில் மணி விடாமல் அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் மறந்திருக்காது. தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. ஜப்பான் பள்ளிகளில் இதே நான்கையும் முதலெழுத்துகளைக் கோத்து 'ஒகாஷிமோ' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதை ஊரைவிட்டு இங்கே வந்து வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். சார் அதை எங்கிருந்து பிடித்தாரோ! மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னவரும் அவர்தான். சூடான புகை மேலே போகும், மூச்சுவிடக் காற்று தரையோடுதான் இருக்கும் என்று தாழ்வாரம் முழுக்கத் தவழவிட்டார். வெள்ளைச் சட்டையில் தவழ்ந்துவிட்டு வீட்டில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்பது அவருக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் மணி அடித்தது. பாதிப் படி இறங்கிய பிறகு, அப்பா வாங்கித் தந்து இரண்டே நாளான ஜாமெட்ரி பாக்ஸ் மேசை மேலேயே இருப்பது ஞாபகம் வந்தது. நெருப்பா இருக்கிறது, ஒத்திகைதானே என்று திரும்பி ஓடினேன். மைதானத்துக்கு வந்தபோது சார் பதிவேட்டில் என் பெயரை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளேன் சார்."

"இல்லை. நீ செத்துப் போய்ட்ட. ஆனா பாக்ஸ் பத்திரமா இருக்கு."

பள்ளிக்கூடமே சிரித்தது. கொடிக்கம்பத்தடியில் போய்த் தனியாக நிற்கச் சொன்னார். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அழுகையை அடக்கினால் காது அடைக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன் பிறகு நடந்ததை ஏனோ யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. சார் பதிவேட்டை மூடினார். நேராக வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். "உன்னைத் தேடி நான் உள்ள போயிருப்பேன்ல? அப்ப நானும் செத்தாச்சு." ஒத்திகை முடியும்வரை அங்கேயே நின்றார். யாரும் சிரிக்கவில்லை. பட்டம் மட்டும் எனக்கு நிலைத்துவிட்டது.

எண்ணி முடித்தவுடன் "சரி, அடுத்து எங்கே?" என்று ஒரு கேள்வி போடுவாரே, அது எனக்கு அப்போது பெரிய தொல்லை. மைதானத்துக்கு வந்தாச்சு, இன்னும் எங்கே போவது? ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமியைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. ஒகாவா தொடக்கப் பள்ளியில் நிலநடுக்கத்துக்குப் பிறகு பிள்ளைகளை மைதானத்தில் கூட்டி வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம். பள்ளிக்குப் பின்னாலேயே மலை. பள்ளியில் படித்த 108 பிள்ளைகளில் 74 பேரை அலை கொண்டுபோய்விட்டது. அதே நாளில் கமாய்ஷி என்ற ஊரில் மேல்வகுப்புப் பிள்ளைகள் ஓட, பக்கத்துத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளும் கூடவே போனார்கள். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று இன்னும் மேலே ஏறினார்கள். தப்பித்தார்கள்.

இதைச் சொல்ல அன்றைக்கே சாருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரி, நீ எப்ப வர்ற?" என்றார்.

"அடுத்த வருஷம் சார்."

அதற்குப் பிறகு எத்தனை அடுத்த வருஷம்! திரும்பிப் போகாதே என்பதை எட்டாம் வகுப்பிலேயே இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் எனக்கு அந்தப் பட்டமே வந்திருக்காது.

இறுதிச் சடங்குப் படத்தைக் குழுவில் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நம் செட். தலைகளை எண்ணினேன், பதினொன்று. சார் செய்வதுபோல் கடைசியிலிருந்து மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.