அரேஞ்சரில் ப்ளூஸ், ஆட்களோடு ப்ளூஸ்

பக்கவாத்தியங்களைத் தானே வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டை வைத்து ஜாஸ் பழகிக்கொண்டிருந்த நான், சில மாதங்களாக ஒரு பேஸ்காரரோடும் ஒரு டிரம்மரோடும் சேர்ந்து வாசித்து வருகிறேன். இரண்டு இடத்திலும் எஃப் சுருதியில் அதே ப்ளூஸ்தான்: 12 பார் (நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்), டெம்போ 120, அதாவது நிமிடத்துக்கு 120 அடி. ஆனால் இடது கைக்கு இங்கே ஒரு வேலை, அங்கே வேறு வேலை.

கீபோர்டில் ஸ்விங் ஸ்டைலை, அதாவது ஜாஸின் துள்ளல் நடையில் பதிந்துவைத்த பக்கவாத்தியத்தைப் போட்டு, இடது கையில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்தால் பேஸ், டிரம்ஸ், கிதார் எல்லாம் கூடவே வந்துவிடும். நம்மூர் மெல்லிசை மேடைகளில் ஒரே ஆள் முழுக் குழுவின் வேலையையும் செய்ய முடிவது இதனால்தான். ஜாஸ் பியானோவின் பழக்கம் இதற்கு நேர்மாறு. கார்டின் அடி சுரத்தை (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) பேஸுக்கு விட்டுவிட்டு, மேலே உள்ளதை மட்டும் பிடிப்பார்கள். ஏ, சி, ஈ ஃப்ளாட், ஜி என்று நான்கு சுரம் பிடிக்கிறேன். கீழே பேஸ்காரர் எஃப் வாசித்தால் அது எஃப் நயன் என்ற கார்டு. அதையே அரேஞ்சரில் பிடித்தால் ஏ மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ் என்ற வேறு கார்டாகப் படித்துக்கொண்டு, பேஸை ஏ-வில் கொண்டுபோய் வைக்கிறது. ப்ளூஸின் தரையே நகர்ந்துவிடுகிறது.

“தம்பி, கீழ்ச் சுரத்தை எனக்கு விட்டுடு, நீ மேல இரு” என்று பேஸ்காரர் சொன்னதிலிருந்து, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் 1961 ஜூனில் பதிவான, பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழுவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். எவன்ஸின் இடது கை எவ்வளவு விட்டுவைக்கிறது, அந்த இடத்தில் பேஸ் வாசிக்கும் ஸ்காட் லாஃபாரோ எங்கெல்லாம் போகிறார் என்பது இப்போதுதான் காதில் விழுகிறது.

எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது நான்காவது பார். எஃப் செவனிலிருந்து பி ஃப்ளாட் செவனுக்குப் போகும் இடம். பேஸ்காரர் அந்தப் பாரின் கடைசி அடியில் பி-யைத் தொட்டு, அரை சுரம் கீழிறங்கி பி ஃப்ளாட்டில் உட்காருவார். அடுத்து வரும் கார்டு தெரிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும். ஸ்டைலில் உள்ள பேஸ், முன்பே பதிந்த பேட்டர்னை நான் இப்போது பிடித்திருக்கும் கார்டுக்கு ஏற்ப மாற்றித் தருகிறது. அடுத்த கார்டு எதுவென்று அதற்குத் தெரியாது. எத்தனை அருமையான ஒலி இருந்தாலும் வாக்கிங் பேஸ் (அடிக்கு ஒரு சுரமாக நடக்கும் பேஸ்) அங்கே நடக்கிறதே தவிர, எங்கும் போய்ச் சேருவதில்லை.

டிரம்ஸும் அப்படித்தான். டெம்போவை ஏற்றினால் நல்ல டிரம்மரின் ஸ்விங்கில் உள்ள நெடில்-குறில் வித்தியாசம் தானாகக் கொஞ்சம் சமன்படும், ரைடு சிம்பலின் (தாளத்தை ஓட்டும் பெரிய தட்டு) இழுப்பு மாறும். என் ஸ்டைல் அதே விகிதத்தில் வேகமாக ஓடுகிறது. ஆளுக்கு நான்கு பாராக மாறிமாறி வாசிக்கும்போது என் கடைசிச் சொற்கட்டை எடுத்து டிரம்மர் திருப்பித் தருகிறாரே, அந்தச் சுகம், பதிந்துவைத்த டிரம்ஸ் அலங்காரத்தைப் போடும் ஃபில் பொத்தானில் கிடைக்காது.

ஆனாலும் அரேஞ்சரை ஓரங்கட்டவில்லை. கார்டுகளை நினைவில் வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டும் கார்டு லூப்பரில் 12 பாரையும் ஒருமுறை பதிந்துவிட்டால் இடது கை விடுதலையாகிவிடுகிறது. அடி சுரமில்லாத வாய்சிங்கை (கார்டின் சுரங்களை அடுக்கும் முறை) தாராளமாகப் பழகலாம். பேஸையும் டிரம்ஸையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பார்ட்டுகளை அணைத்துவிடுகிறேன். அந்த கிதார் ஓடினால் என் இடது கைக்கு இடமே இருக்காது. பன்னிரண்டு சுருதியிலும் ப்ளூஸைச் சுற்றிவர, இரவு பதினொரு மணிக்கும் சலிக்காமல் கூட வரும் துணை இதுதான்.

அடுத்து டெம்போ 60-இல் ஒரு பாலட் (மெதுவான பாட்டு) எடுக்கிறோம். டிரம்மர் குச்சிக்குப் பதில் பிரஷ் கொண்டுவருகிறார். அதற்கு நான் ஸ்டைல் எதுவும் போடாமல், மெட்ரோனோமை இரண்டாவது, நான்காவது அடிகளில் மட்டும் தட்டவிட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன்.