கிளீவ்லன்டில் போன எட்டு செக்கன்

2018 மே 6, ஞாயிறு

இங்கே காலை ஆறு மணி, அங்கே அமெரிக்காவின் கிளீவ்லன்டில் சனி இரவு எட்டரை. வீட்டில் எல்லோரும் நித்திரை, நான் விறாந்தையில் போனைத் தேத்தண்ணிக் கோப்பையோடு சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்பிஏ கூடைப்பந்தின் நொக்கவுட் தொடரில், ரொறன்ரோவில் நடந்த முதல் இரண்டு ஆட்டத்தையும் கிளீவ்லன்ட் அணியிடம் விட்டுவிட்டுத்தான் எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் கிளீவ்லன்டுக்கே போனார்கள், அதிலும் முதலாவது மேலதிக நேரத்தில் ஒரேயொரு புள்ளியால், 113-112. சரி, மூன்றாவதையாவது எடுப்பார்கள் என்று பார்த்தால் முதல் பாதி முழுக்கச் செருப்படி.

கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது பத்துப் புள்ளிக்கு மேல் பின்னுக்கு. அங்கேயிருந்து ஓடி ஓடிப் பிடித்தார்கள். எட்டு செக்கன் இருக்க, எங்கள் இருபது வயதுப் பெடியன் ஓஜி அனுநோபி மூன்று புள்ளி எறிந்து 103-103. நான் கத்தியதில் அம்மா எழும்பிவிட்டார்.

அதற்குள் ரொறன்ரோ ஸ்காபரோவிலிருந்து மச்சான் வட்ஸ்அப்பில் "போச்சு" என்று போட்டான். என் போனில் படம் எப்போதும் பிந்தித்தான் வரும். கிளீவ்லன்டின் நட்சத்திரம் லெப்ரோன் ஜேம்ஸ் கையில் பந்து இன்னும் வரவேயில்லை, எனக்கு முடிவு தெரியும். அப்புறம்தான் அவர் மைதானம் முழுக்கத் தட்டிக்கொண்டு வந்து, இடது பக்கமாக வளைந்து, ஒற்றைக் காலில் எழும்பி எறிந்த பந்து பலகையில் பட்டு உள்ளே போனதைப் பார்த்தேன். 105-103. மணியும் அடித்தது.

2018 மே 7, திங்கள்

எங்கே பார்த்தாலும் அந்த எறிதான். யாராலும் மறித்திருக்க முடியாதாம். கையை விட்டுப் பந்து போன பிறகு முடியாதுதான், அதற்கு முதல்? எட்டு செக்கன் என்பது கூடைப்பந்தில் கொஞ்ச நேரமில்லை. உலகத்திலேயே ஆபத்தான ஆள் பந்தோடு வருகிறார், இரண்டாவது ஆளை அனுப்பி மறித்து, பந்தை வேறொருவன் கைக்குத் தள்ளியிருக்க வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் எங்கள் சேர் தொண்டை கிழியக் கத்திச் சொல்லித்தந்த விசயம் இது, "நல்லா எறியிறவன்ர கையில கடைசிப் பந்தை விடாதேங்கோடா" என்று. அனுநோபிப் பெடியன் தனியே நின்று என்ன செய்வான்?

எங்கள் முன்னணி ஆட்டக்காரர் டிரோசன் விசயத்தில் மச்சானோடு பெரிய சண்டை. பன்னிரண்டு எறிந்து மூன்று போட்டார், மொத்தம் எட்டுப் புள்ளி. கடைசிக் கால்பகுதியில் பயிற்சியாளர் கேசி அவரை வெளியே இருத்திவிட்டார், அணி திரும்பி வந்தது அவர் இல்லாமல்தான். மச்சானுக்கு டிரோசன் என்றால் உயிர். வின்ஸ் கார்ட்டர் அணியை விட்டுப் போனார், பொஷ் போனார், இவர் ஒருவர்தானே 2009இலிருந்து எங்களோடு நிற்கிறார் என்கிறான். நிற்கிறார், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மே மாதம் நொக்கவுட் வந்தால் ஆளைக் காணவில்லையே.

2018 மே 8, செவ்வாய்

நாலாவதும் போச்சு, தொடரும் முடிந்தது, 128-93. முந்தாநாள் தோல்வியில் உடைந்தவர்கள் இன்று விளையாடவே வரவில்லை. மூன்றாவது கால்பகுதியில் டிரோசனை நடுவர் வெளியேற்றினார், அதோடு நானும் போனை மூடிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். 2016இல் கடைசி இரண்டு, போன வருசம் நாலு, இந்த முறை நாலு, நொக்கவுட்டில் லெப்ரோனின் அணியிடம் அடுத்தடுத்துப் பத்துத் தோல்வி. ரொறன்ரோவையே "லெப்ரொன்டோ" என்று நக்கலடிக்கிறார்கள். கோபம் வருகிறது, பதில்தான் வரவில்லை.

2018 மே 12, சனி

நேற்றுப் பின்னேரம் கேசியை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி. 59 வெற்றி, கிழக்குப் பிரிவில் முதலிடம், அணியின் வரலாற்றிலேயே சிறந்த பருவம். மற்ற அணிப் பயிற்சியாளர்களெல்லாம் சேர்ந்து இந்தப் பருவத்தின் சிறந்த பயிற்சியாளர் என்று அவருக்கு வாக்குப் போட்டு இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது! மச்சானுக்குச் சந்தோசம், கடைசி எட்டு செக்கனுக்குக் கணக்குத் தீர்ந்தது என்கிறான். திங்கட்கிழமை அந்த எட்டு செக்கனுக்காகக் கத்தியவன் நான்தான், ஆனாலும் எனக்கு இது பிடிக்கவில்லை. ஏழு வருசம் கட்டிய ஆளை ஒரு தொடருக்காக அனுப்புவதென்றால், அந்தத் தொடரில் முதல் பாதிகளில் நடந்து திரிந்த ஆட்டக்காரரை என்ன செய்வது? அவர்களுக்குச் சம்பள ஒப்பந்தம் பெரிது, கேசியை அனுப்புவது லேசு.

நாளை இரவு கழிந்து ஒரு மணிக்கு அடுத்த சுற்றில் பொஸ்டனும் கிளீவ்லன்டும் மோதுகின்றன. பார்க்க மாட்டேன் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். பொஸ்டன் வெல்லட்டும், அதுவும் லெப்ரோன் கடைசியாக எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே போய்.