பின்னால் வரும் சின்ன வண்டி

எங்கள் மோட்டார்ஹோம் 28 அடி நீளம். ஃபோர்டு ஈ-450 வேனின் சட்டத்து மேல் சின்ன வீடு ஒன்றைக் கட்டிய, கிளாஸ் சி என்ற ரக வண்டி, பழையதாக வாங்கியது. முதல் வருடம் அதை மட்டுமே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றினோம். கேம்ப்கிரவுண்டுக்குப் போய், வண்டியைச் சமமாக நிறுத்தி, கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் மாட்டி முடித்து உட்காரும்போதுதான் பால் இல்லை என்று தெரியும். ஒரு பாக்கெட் பாலுக்காக மாட்டியதையெல்லாம் கழற்றி, வீட்டையே கிளப்பிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். கலிபோர்னியாவின் பாலைவனப் பூங்காவான டெத் வேலியில்தான் மனது விட்டுப்போனது. ஃப்ரீமாண்டிலிருந்து இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு போயிருந்தோம். பச்சையும் ஊதாவும் ரோஜா நிறமுமாக மலை இருக்கிறதே, அந்த ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் சாலையில் 25 அடிக்கு மேல் நீளமான வண்டி போகக் கூடாது. மேலேயிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடமான டான்டேஸ் வியூவுக்கு ஏறும் சாலையின் கடைசிப் பகுதியிலும் அதே கதை. ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் முனையில் இருக்கும் அந்தப் பலகையை என் கணவர் இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசாமல் திரும்பினோம். அந்த ராத்திரியே சின்ன கார் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துக்கொண்டு போவதைத்தான் இங்கே ஃப்ளாட் டோயிங் என்கிறார்கள். காரை ஏற்றிவைக்கும் டிரெய்லரோ, முன்சக்கரங்களை மட்டும் ஏற்றிவைக்கும் டாலியோ தேவையில்லை. இழுபட்டு வரும் காருக்கு மோட்டார்ஹோம்காரர்கள் 'டோட்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். இழுக்கப்படுவது என்ற பொருள் கொண்ட 'டோவ்டு' என்ற சொல்லும், தேரையைக் குறிக்கும் 'டோட்' என்ற சொல்லும் காதில் ஒன்றாக விழுவதால் வந்த பெயர். எங்கள் தேரை ஒரு சிவப்பு ஃபியட் 500, சுமார் 2,400 பவுண்டு.

எல்லாக் காரையும் இப்படி இழுக்க முடியாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை அணைத்துவிட்டு இழுத்தால் சக்கரத்தோடு உள்ளே பாகங்கள் சுற்றும், எண்ணெய் மட்டும் வராது. கொஞ்ச தூரத்திலேயே கியர்பெட்டி வெந்துவிடும். எங்கள் ஃபியட்டின் மேனுவல் கியரில் அந்தக் கவலை இல்லை. நியூட்ரலில் போட்டால், சக்கரத்தோடு சுற்றும் பெரிய பல்சக்கரம் எண்ணெயில் முங்கி எழுந்து, மற்ற பாகங்களுக்கும் தானே வாரி இறைத்துக்கொள்ளும். இதே ஃபியட் 500 ஆட்டோமேட்டிக்கில் வந்தால் இழுக்கக் கூடாது. வாங்குவதற்கு முன்னால் காரோடு வரும் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது.

கிளட்ச் மிதித்து ஓட்டும் கார் அமெரிக்காவில் அபூர்வம். எனக்கு அது சிரமமே இல்லை. பாளையங்கோட்டையில் மாருதி 800-இல் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். முப்பது வருடம் கழித்து அந்த இடது கால் பழக்கம் இப்படி உதவிக்கு வந்தது.

மாட்டும் வேலை என்னுடையது. காரின் முன் பம்பரைக் கழற்றி, இழுவைக் கம்பி வந்து மாட்டும் இரும்புத் தகட்டை, அதாவது பேஸ் பிளேட்டை, உள்ளே சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். மோட்டார்ஹோமின் பின்னால் ஏ எழுத்துப்போல் விரியும் இழுவைக் கம்பி, டோ பார். காரைக் கிட்டத்தட்ட நேராகக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும், இரண்டு கைகளும் நீண்டு வரும். இணைக்கும் உலோகப் பின்னைச் செருகி, கிளிப் போட்டு, இரண்டு பாதுகாப்புக் கேபிளையும் பாருக்குக் கீழே குறுக்காக மாட்டி, விளக்கு ஒயரைச் சொருகுவேன். அப்புறம் பிரேக் பெட்டி. ஓட்டுநர் இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவில் உட்காரும் அது, மோட்டார்ஹோம் வேகம் குறைவதை உணர்ந்து காரின் பெடலைத் தானே அழுத்தும். அதை வைப்பதற்கு முன் பெடலை நாலைந்து தடவை மிதித்து, பெடலை லேசாக்கித் தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவத்தைப் போக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சில தடவை பிரேக் தேவைக்கு மேல் பிடித்துவிடும். கடைசியில் பிரேக்அவே கேபிள்: கார் எப்படியாவது கழன்றுவிட்டால் அந்தக் கேபிள் இழுபட்டு, பிரேக் தானாக விழும். எல்லாம் முடிந்ததும் அவர் வண்டியை மெல்ல முன்னால் நகர்த்துவார். பாரின் இரண்டு கைகளும் முழுதாக நீண்டு, ஒன்றன்பின் ஒன்றாக 'டக்', 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். இரண்டாவது 'டக்' காதில் விழும் வரை நான் அந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்.

ரிவர்ஸ் கிடையாது. இதைப் புதிதாக ஆரம்பிப்பவர்கள் மனதில் ஆழமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் தள்ளினால் காரின் முன்சக்கரங்கள் கண்டபடி ஒரு பக்கமாக ஒடிந்துகொள்ளும், பார் வளைந்துவிடும். ஒரு தடவை மோஹாவேயில் பெட்ரோல் பங்குக்குள் நுழைந்துவிட்டு, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே காரைக் கழற்றினோம். வண்டி கோணலாக நின்றிருந்ததால் பின்கள் இறுகிக்கொண்டு வரவே இல்லை. நான் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் அசைத்துக் கொடுத்த பிறகுதான் கையோடு வந்தன. இப்போதெல்லாம் பங்குக்குள் திரும்புவதற்கு முன்பே வெளியேறும் வழியைப் பார்த்துவிடுகிறோம்.

அதைவிட மோசமானது அடுத்த பயணத்தில் நடந்தது. 395 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கேம்ப்கிரவுண்டு, கொஞ்சம் சரிவான இடம். அதனால் மாட்டும்போது ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து வைத்திருந்தேன். பக்கத்து வண்டிப் பெண்மணி ஒருவர் வந்து காரைப் பற்றி ஆசையாக விசாரித்தார். நானும் நின்று பேசினேன். பத்து நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்றுதான் நினைத்தேன். பத்து மைல் போயிருப்போம், எதிரே வந்த லாரிக்காரர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். பின் கேமராத் திரையில் மெல்லிய புகை. ஓரங்கட்டி ஓடிப்போய்ப் பார்த்தால் பின்சக்கரம் இரண்டின் பக்கமும் கை வைக்க முடியாத கொதிப்பு. பிரேக் பேட் கருகிய வாடை தொண்டையில் ஏறியது. டிஸ்க்குகள் நீலம் பாய்ந்திருந்தன. பத்து சிலிண்டர் எஞ்சினுக்கு அந்தச் சின்ன காரின் இழுவை ஒரு பொருட்டே இல்லை, அதனால் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு ஸ்டியரிங்கில் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த ஊரில் ஒரு நாள் தங்கி எல்லாவற்றையும் மாற்றினோம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. டயர் பற்றியிருந்தால், அந்த லாரிக்காரர் கவனிக்காமல் போயிருந்தால் என்றே மனது ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறோம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், முதல் பின்னிலிருந்து மறுபடியும் தொடங்குவேன். முடிந்ததும் அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், நான் அதைத் தொட்டுக்கொண்டே பதில் சொல்வேன்.

"சாவி?"

"ஸ்டியரிங் பூட்டு விழாத இடத்துல இருக்குங்க."

"கியர்?"

"நியூட்ரல்."

"ஹேண்ட்பிரேக்?"

"இறக்கியாச்சுங்க. கை மேலதான் இருக்கு."

போன பிப்ரவரியில் மறுபடியும் டெத் வேலி போனோம், இந்தத் தடவை சிவப்பு வண்டியோடு. மேற்கிலிருந்து போனால் டவுன் பாஸ் என்ற கணவாயைத் தாண்ட வேண்டும். உச்சி 4,956 அடி. அங்கிருந்து 20 மைலுக்குள் கடல்மட்டம் அளவுக்கு இறங்கிவிடும் சாலை. இறக்கத்தில் கியரைத் தாழ்வாக வைத்திருக்க உதவும் டோ/ஹால் பட்டனைப் போட்டு, கீழ் கியரிலேயே இறங்கினார். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருக்காமல், ஒரு தடவை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு உடனே விட்டுவிடுவார். நாம் காலை எடுக்காவிட்டால் பின்னால் இருக்கும் பெட்டியும் பெடலை விடாது, கார் பிரேக் கொதித்துவிடும். அது பிடிக்கும்போதெல்லாம் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இறக்கம் முழுக்க நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கம் முடியும் ஸ்டவ்பைப் வெல்ஸில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் வீட்டை ஃபர்னஸ் கிரீக்கில் விட்டுவிட்டு, ஃபியட்டில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் போனோம். ஒன்பது மைல், ஒருவழிப் பாதை, பள்ளமும் மேடுமாக வளைந்து வளைந்து போகிறது. நான்தான் ஓட்டினேன், பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிளம்பும் நாள் காலையில் வழக்கம்போல் மாட்டி, கேட்டுப் பதில் சொல்லி, நான் ஓரமாக நின்றேன். அவர் இருபது அடி மட்டும் நகர்த்தினார். முன்சக்கரம் இரண்டும் உருண்டன. பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன், அவையும் உருண்டன. கண்ணாடியில் அவருக்குத் தெரிகிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டேன்.